சித்திரைப் பூங்கா

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இலுப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "வசந்த காலமும் பொதுப் பூங்காக்களும்". நான் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தத் தலைப்பை என் தலையில் கட்டிவிட்டார். போனில் அவர் சொன்னதுமே கேட்டேன்: "ஏம்ப்பா, இலுப்பூர்ல ஏது வசந்தம்? நமக்குத் தெரிஞ்சது வெயில், கடும் வெயில், மழை வராத வெயில், இந்த மூணுதானே?" அவர் சிரித்துவிட்டு, "அதைத்தாண்ணே பேசணும்" என்றார். ஆகவே அதையே பேசுகிறேன். இருபது நிமிடத்தில் முடித்துவிடுவேன். சாப்பாடு ஆறாது.

வசந்தம் எங்கே, எப்போது?

வசந்தம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது காலண்டர் படம்தான். பனி உருகும், பச்சைப் புல்லில் மஞ்சள் பூ பூக்கும், தொப்பி போட்ட குழந்தை ஓடி விளையாடும். அது ஐரோப்பாக்காரனின் வசந்தம். நம் நாட்டுக்குள்ளேயே வசந்தம் ஒரே தேதியில் வருவதில்லை. டில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தை (2023 முதல் அதற்கு அம்ருத் உத்யான் என்று பெயர்) பிப்ரவரி, மார்ச் வாக்கில் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறார்கள். ஸ்ரீநகரில் உள்ள துலிப் தோட்டம் மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரலில் சில வாரங்கள் பூத்து அடங்கிவிடுகிறது. ஊட்டியில் மலர்க் கண்காட்சி மே மாதம்.

நமக்கு எப்போது? நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்து, சித்திரைக்கும் வைகாசிக்கும் இளவேனில் என்று பெயர் வைத்தார்கள். தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொள்ளும் மாதத்துக்கு "இள" என்று ஒரு செல்லப் பெயர்! வேடிக்கையாக இருக்கிறதா? வீட்டுக்கு வெளியே வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தால் வேடிக்கை இல்லை என்று தெரியும். வேம்பு பூத்துக் கொட்டுவது அப்போதுதான். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பூ அந்த மரத்திலிருந்துதானே வருகிறது? சரக்கொன்றை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மஞ்சள் மஞ்சளாகத் தொங்கும். புங்கை அடியில் பொரி இறைத்தாற்போல் பூ கிடக்கும். கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்த குண்டுமல்லி பங்குனி, சித்திரையில் கூடை கூடையாகக் காய்ச்சும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிற இலுப்பை பூப்பதும் இந்த வெயிலில்தான்.

மரத்துக்கு என்ன பைத்தியமா, தண்ணீர் இல்லாத மாதத்தில் பூக்க? இல்லை. இலை உதிர்ந்த கிளையில் பூ இருந்தால் வண்டுக்கும் தேனீக்கும் வௌவாலுக்கும் தெளிவாகத் தெரியும். இப்போது பூத்தால் ஆனி, ஆடியில் பழுத்து விதை விழும். பின்னாலேயே மழை வரும், விதை முளைக்கும். மழைக்கு முன்னாலேயே தயாராகிவிடுவதுதான் அதன் கணக்கு. பரீட்சைக்கு முதல் நாள் புத்தகம் திறக்கும் நம்மைவிட மரம் புத்திசாலி!

அந்தக் காலத்து வசந்த விழா

இன்றைக்கு உலகத்தின் பெரிய நகரங்களில் பொதுப் பூங்காக்களில் வசந்த கால நிகழ்ச்சிகள் என்று பட்டியல் போடுகிறார்கள். காலையில் யோகா, பிறகு ஓவிய வகுப்பு, மாலையில் செடி நடும் பயிற்சி. இதைப் பார்த்து, "அடடா, அவனுக்குத்தான் எப்படியெல்லாம் தோணுது" என்று நாம் வாய் பிளக்க வேண்டியதில்லை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. அதன் பழைய வேலை வசந்த மண்டபம். சுற்றிலும் அகழி போல் தண்ணீர் தேக்கி, அதன் குளிர்ச்சியில் சுவாமியை எழுந்தருளச் செய்து வசந்த விழா நடத்தினார்கள். பல பெரிய கோயில்களில் இன்றும் வைகாசியில் வசந்த உற்சவம் உண்டு. பூ கொடுக்க நந்தவனம், பாட ஓதுவார், வாசிக்க நாகசுரம், உட்கார நிழல், கால் நனைக்கத் தண்ணீர். கோடையை எப்படித் தாங்குவது என்று யோசித்து, அதற்குக் கலையையும் தோட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தவர்கள் நம்மவர்கள்.

ஆனால் பெருமையை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. அந்த நிழல் எல்லோருக்கும் கிடைத்ததா? கிடைக்கவில்லை. மதுரைக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் நாள்தான். அதுவரை தலைமுறை தலைமுறையாக ஒரு பகுதி மக்கள் அந்த வசந்தத்தை மதிலுக்கு வெளியே நின்றுதான் கேட்டார்கள். அதனால்தான் பொதுப் பூங்கா என்ற சொல்லில் எனக்குப் "பூங்கா"வைவிடப் "பொது"தான் பெரிதாகத் தெரிகிறது. நீ யார், எந்தத் தெரு, யார் மகன் என்று வாசலில் யாரும் கேட்கக் கூடாத இடம் அது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

மூன்று ரூபாய்ச் சந்தா

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்கு நம்மில் போகாதவர் குறைவு. கல்லூரிச் சுற்றுலாவில் போய், கண்ணாடி வீட்டு வாசலில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோமே! அதன் கதை எப்படித் தொடங்கியது தெரியுமா? அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள், நியாய விலையில் காய்கறி கிடைக்க வேண்டும் என்று ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஆரம்பித்த காய்கறித் தோட்டம்தான் அதற்கு முன்னோடி. 1848-இல் தாவரவியல் பூங்காவாக உருவெடுத்தபோது, லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மக்ஐவர் என்பவர் அதை வடிவமைத்தார். 1896-இல் முதல் மலர்க் கண்காட்சி நடந்தது. இன்றைக்கு மே மாதம் வந்தால் லட்சக்கணக்கில் கூட்டம். சென்னையில் பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடத்தில் 2010 நவம்பர் 24-ஆம் நாள் திறந்த செம்மொழிப் பூங்காவிலும் இப்போது மலர்க் கண்காட்சி நடக்கிறது.

நல்ல காரியம். குறை சொல்ல மாட்டேன். நானும் அந்தத் துறைக்காரன்தான். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? காய் பறிக்க ஆரம்பித்த தோட்டம், கண்ணால் பார்க்கும் தோட்டமாக முடிந்துவிட்டது. "புல்லில் நடக்காதீர்", "பூவைத் தொடாதீர்", "செடியைப் பறிக்காதீர்" என்று வழி நெடுகப் பலகை. கூட்டம் அதிகமான இடத்தில் அது தேவைதான். நான் சொல்ல வருவது வேறு. நம் ஊருக்கு அப்படி ஒரு பூங்கா வேண்டும் என்று கனவு கண்டுகொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது. ஊட்டி மண்ணும் இங்கே இல்லை, ஊட்டிக் குளிரும் இங்கே இல்லை. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை எல்லோரும் கிண்டலாகத்தான் சொல்கிறோம். கரும்பாலை இல்லாத ஊரில் இனிப்புக்கு வழி கண்டுபிடித்தவனைக் கிண்டல் செய்வானேன்? நான் அதைப் பெருமையாகச் சொல்கிறேன். நம்மிடம் இருப்பதை வைத்து நம் வசந்தத்தை நாமே நடத்த வேண்டும். நான் இன்று சொல்ல வந்த சேதி அவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம்.

பக்கத்திலேயே ஒரு பூங்கா ஓவியம்

முதலில் கலை. இலுப்பூரிலிருந்து அன்னவாசல் போய், அங்கிருந்து புதுக்கோட்டைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் சித்தன்னவாசல். குடைவரையின் விதானத்தில் இருப்பது என்ன படம்? ஒரு தாமரைக் குளம்! இலையும் மொட்டும் மலர்ந்த பூவும், நடுவே மீன், அன்னம், எருமை, யானை. மூன்று பேர் தண்ணீரில் இறங்கிப் பூப் பறிக்கிறார்கள். சமணர் சொல்லும் சமவசரணத்தின் ஒரு பகுதியான நீர்நிலை அது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. ஆக, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேலாக நம் வட்டாரத்தில் ஒரு பூங்கா பூத்துக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கவில்லை. இறங்கிப் பறிக்கிறார்கள்!

அந்த வண்ணங்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்தவை. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண், பச்சைக்குப் பச்சை மண். செம்மண் பூமியில் பிறந்த நமக்குப் பெயின்ட் டப்பா வாங்கக் காசில்லை என்ற கவலையே வேண்டாம். செய்முறை சொல்கிறேன், தங்கைகள் குறித்துக்கொள்ளுங்கள். செம்மண்ணை நிறையத் தண்ணீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேல் கலங்கலைத் துணியில் வடிகட்டி, ஒரு ராத்திரி தெளிய விட்டு, தண்ணீரை இறுத்துவிட வேண்டும். அடியில் வெண்ணெய் மாதிரி வண்டல் நிற்கும். அதோடு ஊறவைத்த கருவேலம் பிசினைச் சேர்த்துக் குழைத்தால் வண்ணம் தயார். அடுப்புக்கரியை அரைத்தால் கறுப்பு. மஞ்சள் தூள் நல்ல மஞ்சள், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். அதோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தட்டுச் சிவப்பு.

ஒரே ஒரு நிபந்தனை. இந்தச் சோதனையைக் குடைவரைக்குள் செய்யக் கூடாது. அங்கே மூச்சுக் காற்றின் ஈரம்கூட ஓவியத்துக்கு ஆகாது. போய்ப் பார்த்துவிட்டு, கீழே சுற்றுலாப் பூங்காவுக்கு வந்து மர நிழலில் உட்கார்ந்து வரையுங்கள். "எனக்கு வரைய வராது சார்" என்று தம்பி ஒருவர் தலையைச் சொறிவது தெரிகிறது. உங்களை யார் ரவிவர்மாவாகச் சொன்னது? ஒரு இலையை எடுத்து அரை மணி நேரம் பார்த்துப் பார்த்து வரை. படம் நன்றாக வராவிட்டாலும், அந்த இலை உனக்கு ஆயுசுக்கும் மறக்காது. தாவரவியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் ரெக்கார்டு நோட்டில் படம் போட வைத்து உயிரை எடுத்தார். இன்றைக்கு இருட்டில் இலையைத் தடவிப் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்வேன் என்றால் அது அவர் தந்த சொத்து.

மனசுக்கும் உடம்புக்கும்

அடுத்தது நலம். மரத்தடியில் உட்கார்ந்தால் மனசு லேசாகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆதாரம் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். சொல்கிறேன்.

அமெரிக்காவில் ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேர் படுத்திருந்த அறையின் ஜன்னல் வழியே மரங்கள் தெரியும். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர்தான் தெரியும். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் தெரிந்தவர்களுக்கு 8.70 நாள் ஆயிற்று. கடுமையான வலி மாத்திரையும் மரம் தெரிந்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-இல் இது வெளியானது. சின்ன ஆய்வுதான். ஆனால் மருத்துவமனை கட்டுகிறவர்களை யோசிக்க வைத்த ஆய்வு.

அது வெறுமனே பார்த்தவர்களின் கதை. கையால் வேலை செய்தால்? 2011-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், தோட்டம் போடும் பழக்கமுள்ள 30 பேருக்கு மன அழுத்தம் தரும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். பிறகு பாதிப் பேரை அரை மணி நேரம் அவரவர் தோட்டத்தில் வேலை செய்யவும், மீதிப் பேரை உள்ளே உட்கார்ந்து படிக்கவும் சொன்னார்கள். அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்ற சுரப்பு இரண்டு பேருக்கும் குறைந்தது. ஆனால் மண்ணில் கை வைத்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. மனநிலையும் அவர்களுக்குத்தான் பழையபடி சீரானது. 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் விசாரித்த ஆய்வில், வாரத்தில் 120 நிமிடமாவது பூங்கா, வயல், காடு என்று வெளியே கழித்தவர்கள் உடலாலும் மனத்தாலும் நலமாக இருப்பதாகச் சொன்னது தெரிந்தது. ஜப்பானில் 1982-லேயே அரசின் வனத்துறை "வனக் குளியல்" என்று பெயர் கொடுத்து மக்களைக் காட்டுக்குள் நடக்க அழைத்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில் தோட்ட வேலையும் ஒரு பயிற்சி.

இதற்காக மருந்தை நிறுத்திவிட்டு மண்வெட்டியைத் தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். ஆனால் இந்தக் கூட்டத்தில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் என்னைப் போல் ஓய்வு பெற்று, பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு என்று போய்விட, காலையில் பேப்பரை மூன்று முறை படிக்கிறவர்கள். இன்னொரு பக்கம் மார்க், வேலை, வீட்டுக் கடன் என்று நினைத்து நினைத்து ராத்திரித் தூக்கமில்லாமல் போனை வெறிக்கிற பிள்ளைகள். ஒருத்தருக்கு நேரம் இருக்கிறது, துணை இல்லை. இன்னொருத்தருக்குச் சுற்றிலும் ஆள் இருக்கிறது, மனம் விட்டுப் பேச யாருமில்லை. இந்த இரண்டு பேரையும் வருஷத்துக்கு ஒரு தடவை சாப்பாட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்கார வைத்தால் போதாது. ஒரே குழியை இரண்டு பேரும் சேர்ந்து வெட்ட வேண்டும். மண் வெட்டும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அதனால் பேச்சு தானாக வரும். வேலைக்காரர்களோடு நாற்றங்காலில் உட்கார்ந்த முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

இலுப்பை என்ற பொறுப்பு

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன். இலுப்பைப் பூவை எத்தனை மாணவர்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். (மூன்று பேர் கை தூக்கினார்கள்.) பார்த்தீர்களா, ஊர் பேரு இலுப்பூர்!

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் அப்பாயி கோழி கூவும் முன்னால் எழுப்பிவிடுவார். "எந்திரிடா, விடிஞ்சா ஆடு மேஞ்சுரும்" என்பார். இலுப்பைப் பூ ராத்திரியில்தான் உதிரும். விடியும்போது மரத்தடி முழுக்க வெளிர்மஞ்சள் முத்து மாதிரி சதைப் பற்றோடு கிடக்கும். பொறுக்கி, காயவைத்து, வறுத்துக் கொடுப்பார். அந்த வாசனைக்கு ஈடு கிடையாது. கொட்டையில் எண்ணெய் எடுத்துக் கோயில் விளக்குக்கும் வீட்டு விளக்குக்கும் ஊற்றினார்கள். பிண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். ராத்திரியில் அந்த மரத்துக்கு வரும் பழந்தின்னி வௌவால் பூவைத் தின்கிற சாக்கில் மகரந்தத்தைச் சேர்த்துவிடும். அதை அபசகுனம் என்று விரட்டுகிறோம். அது இல்லாவிட்டால் மரத்துக்குக் காய் குறைந்துபோகும்.

இந்த மரத்திடம் ஒரு குணம் உண்டு. துறையில் இருந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நெல், எள், கத்திரி விதையை ஒரு வருஷம் டப்பாவில் போட்டு வைத்து விதைக்கலாம். இலுப்பை விதையை அப்படி வைக்க முடியாது. உலர்ந்தால் உயிர் போய்விடும். பழம் விழும் ஆனி, ஆடியில் எடுத்து, சதையைக் கழுவி, சில நாளுக்குள் மண்ணில் ஊன்றிவிட வேண்டும். விதைப் பெட்டியில் பூட்டி வைத்துக் காப்பாற்றக்கூடிய மரமில்லை இது. ஒவ்வொரு வருஷமும் அந்தச் சில வாரத்தில் யாராவது மரத்தடிக்குப் போனால்தான் அடுத்த தலைமுறை மரம் உண்டு. நம் பாட்டிமார்கள் எண்ணெய்க்காகப் போனார்கள். இன்று கடையில் பாக்கெட் எண்ணெய் கிடைக்கிறது, அதனால் யாரும் போவதில்லை. ஒருத்தரும் வெட்டாமலேயே ஒரு மரம் ஊரை விட்டுப் போக முடியும் என்பதற்கு இதுதான் வழி. மரம் போய்ப் பெயர் மட்டும் பஸ் போர்டில் நிற்கும்.

என் வேண்டுகோள்

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் ஒவ்வொரு சந்திப்பிலும் கல்லூரிக்கு ஏதாவது அன்பளிப்பு கொடுக்கிறோம். சுவர்க் கடிகாரம், மேசை, பெயர் பொறித்த சிமெண்ட் பெஞ்ச். அது நடக்கட்டும். இந்த வருஷம் அதோடு வருஷத்துக்கு மூன்று காலைப் பொழுது கேட்கிறேன்.

முதல் பொழுது, இலுப்பை பூக்கும்போது. பங்குனிக் கடைசியோ சித்திரை முதலோ, தேதியைச் செயற்குழு முடிவு செய்ய வேண்டாம், மரம் முடிவு செய்யட்டும். விடியற்காலை ஐந்தரைக்கு மரத்தடியில் கூடுவோம். பூப் பொறுக்குவோம். கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் உட்கார்ந்து பறவை சத்தம் கேட்போம். தெரிந்தவர்கள் யோகாசனம் சொல்லித் தரட்டும், முட்டி வலிக்காரர்கள் நடந்தால் போதும். பிறகு மண் வண்ணத்தில் படம் வரைவோம். பெண்கள் மட்டும்தான் கோலம் போட வேண்டும் என்று சட்டமில்லை, ஆண்களும் குனியட்டும். எட்டு, எட்டரைக்குள் நீர்மோரும் பானகமும் குடித்துவிட்டுக் கலைந்துவிட வேண்டும். சித்திரை வெயிலோடு வீரம் காட்டக் கூடாது. நடவு அன்றைக்கு வேண்டாம். போட்டோவுக்காக வெயிலில் நட்ட கன்று சாகத்தான் செய்யும். குழி மட்டும் வெட்டி ஆறப் போடலாம். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம்.

இரண்டாவது பொழுது, ஆடியில். விதை பொறுக்கி, செம்மண், மணல், மக்கிய எரு கலந்த பைகளில் ஊன்ற வேண்டும். ஆணிவேர் நீளமாக ஓடும், அதனால் பை ஆழமாக இருக்க வேண்டும். மூன்றாவது பொழுது, அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் நடவு. நட்ட கன்றுக்கு முள்வேலி, வேரடியில் சருகு மூடாக்கு, பக்கத்தில் அடியில் திரியிட்ட ஒரு மண்பானை. பானையில் தண்ணீர் ஊற்றினால் திரி வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்து வேருக்குப் போகும்.

எங்கே நடுவது? கல்லூரி வளாகத்தில் கொஞ்சம். மீதியைப் பேரூராட்சியின் அனுமதியோடு ஊருக்குப் பொதுவான இடத்தில். ஏன் என்று முன்பே சொல்லிவிட்டேன். மதிலுக்குள் இருக்கும் வசந்தம் நமக்கு வேண்டாம். பக்கத்துக் குடுமியான்மலையில் 2014 முதல் அரசு வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. யோசனை கேட்கலாம், மாணவர்களைக் கூப்பிடலாம். நாற்றங்கால் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் பழைய நண்பர் ஒருவர் காலையில் இதைக் கேட்டதும், "டேய், இலுப்பை காய்க்கப் பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அன்னிக்கு நீயும் நானும் இருப்போமா?" என்றார். நியாயமான கேள்வி. அதனால்தான் இதை இந்தக் கூட்டத்தில் சொல்கிறேன், ஓய்வூதியர் கூட்டத்தில் சொல்லவில்லை. நமக்கு விதையை அடையாளம் தெரியும், அவர்களுக்கு வயது இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் கூடுவது இந்தச் சங்கத்தில்தான்.

செயலாளரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து வைத்திருக்கிறேன். அதில் பணம் எழுத வேண்டாம். உங்கள் பெயரையும் எத்தனை காலை வருவீர்கள் என்பதையும் மட்டும் எழுதுங்கள். முதல் வரியில் என் பெயரும், பக்கத்தில் மூன்று என்ற எண்ணும் இருக்கின்றன.